பாத்திரம் பாராத கொடை



டிசம்பர் பிறந்ததும் நம் தெருக்களுக்குப் புதுக்களை வந்துவிடுகிறது. வாசலில் நட்சத்திரம், முற்றத்தில் குடில், அடுப்படியில் முறுக்கும் அதிரசமும், நடுச்சாமத்தில் கதவைத் தட்டும் கீதபவனிப் பிள்ளைகள். இந்த மகிழ்ச்சிக்கு நடுவில், இந்த நாள் எனக்கானது இல்லை என்று ஒதுங்கி நிற்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். புதுத்துணி எடுக்க வழியில்லாததால் ஆராதனைக்கு வராதவர் இருக்கிறார். குடியை விட்டுவிடுகிறேன் என்று ஒவ்வொரு புத்தாண்டிலும் வாக்குக் கொடுத்து, பொங்கலுக்குள் அதை மீறியவர் இருக்கிறார். கணவரைப் பிரிந்து வந்தபின் சொந்தபந்தங்களின் பார்வைக்கு அஞ்சிக் கடைசி வாங்கில் அமர்ந்து, ஆசீர்வாதம் முடியும் முன்பே எழுந்து போகிறவர் இருக்கிறார். எப்போதோ செய்த ஒரு காரியத்தை இன்றுவரை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் சுமக்கிறவர் இருக்கிறார். இவர்களுக்குக் கிறிஸ்து பிறப்பு என்ன சொல்கிறது? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தகுதி இருக்கிறது, நீங்கள்தான் உணரவில்லை என்று தட்டிக்கொடுப்பதற்காக நான் இங்கே நிற்கவில்லை. அந்த ஆறுதல் ஒரு இரவுகூட நிற்பதில்லை. தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை ஒரு மனிதன் அவ்வளவு எளிதில் மறந்துவிட மாட்டான். நற்செய்தி சொல்வது வேறு. இந்தக் கொடை கொடுக்கப்பட்டபோது, வாங்குகிறவரின் தகுதி கணக்கிலேயே எடுக்கப்படவில்லை.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. பாத்திரம் அறிந்து பிச்சையிடு, கோத்திரம் அறிந்து பெண் கொடு. கொடுப்பதற்கு முன் ஏந்துகிற கலத்தைப் பார். உறவு கொள்வதற்கு முன் குலத்தைப் பார். உலக வழக்கில் இது விவேகம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு, தகுதி என்ற பொருளுக்கு இதே சொல்லைத்தான் எடுத்து வைத்திருக்கிறது. பாத்திரன். தகுதியில்லாதவன் பாத்திரன் அல்ல. யார் யார் வாயில் இந்தச் சொல் வருகிறது என்று கவனியுங்கள். யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகன் சொல்கிறான். வருகிறவருடைய பாதரட்சையைச் சுமக்கவும் தான் பாத்திரன் அல்ல என்கிறான். கப்பர்நகூமில் நூற்றுக்கு அதிபதி சொல்கிறான். தூர தேசத்தில் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய குமாரன் சொல்கிறான். ஒருவன் தீர்க்கதரிசி, ஒருவன் படைத் தலைவன், ஒருவன் ஊதாரி. மூவருக்கும் வாயில் வருவது ஒரே சொல்.

அந்த நூற்றுக்கு அதிபதியிடம் சற்று நில்லுங்கள். லூக்கா எழுதும்போது ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறார். அவனுடைய வேலைக்காரன் நோயாய்க் கிடக்க, அவனுக்காகப் பரிந்து பேச ஊர் மூப்பர்கள் இயேசுவிடம் வருகிறார்கள். இவன் பாத்திரன்தான் ஐயா, நம் ஜனத்தை நேசிக்கிறவன், நமக்கு ஜெப ஆலயம் கட்டிக் கொடுத்தவன் என்று சான்று சொல்கிறார்கள். ஊரே கையெழுத்திட்ட நற்சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மனிதன் தன் நண்பர்களை அனுப்பி, என் வீட்டுக்குள் நீர் வர நான் பாத்திரன் அல்ல என்கிறான். அவனுடைய வேலைக்காரன் சுகமானது எந்த வார்த்தையினால்? மூப்பர்கள் கொடுத்த சான்றைப் பற்றி இயேசு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தன் தகுதியை ஒதுக்கிவைத்துவிட்டு வந்த விசுவாசத்தைப் பார்த்து வியக்கிறார். இளைய குமாரனைப் பாருங்கள். வழி நெடுக மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான். பாவம் செய்தேன், மகன் எனப்படப் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். தகப்பன் முன் நின்று இரண்டைச் சொல்லிவிட்டான். மூன்றாவதைச் சொல்ல விடவில்லை. அதற்குள் வஸ்திரம் கொண்டுவா, மோதிரம் கொண்டுவா என்று தகப்பன் குரல் கொடுத்துவிட்டார். தகுதியில்லை என்று அவன் சொன்னதை அவர் மறுக்கவும் இல்லை, கேட்டுவிட்டுத் தள்ளவும் இல்லை.

இப்போது பழமொழியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன், கோத்திரத்துக்கு. மத்தேயு சுவிசேஷம் எதில் தொடங்குகிறது? வம்ச வரலாற்றில் தொடங்குகிறது. வாயில் நுழையாத பெயர்கள் என்று நாம் தாண்டிப் போகிற முதல் பக்கம் அது. பதினான்கு தலைமுறைகளாக மூன்று வரிசை. ஒரு குடும்பம் தன் வம்சாவளியை ஊர் முன் வாசிக்கும்போது என்ன செய்யும்? நல்ல பெயர்களை வைத்துக்கொள்ளும், கெட்ட பெயர்களை விழுங்கிவிடும். மத்தேயுவுக்குப் பெயர்களை விடுவது தெரியாத காரியம் இல்லை. யோராமுக்கும் உசியாவுக்கும் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்களை அவர் விட்டிருக்கிறார். பழைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் யாரும் இதைக் காணலாம். அப்படி மூன்று ராஜாக்களை விடத் தெரிந்தவர், மனாசேயை ஏன் வைத்துக்கொண்டார்? எருசலேமில் ஐம்பத்தைந்து வருஷம் ஆட்சி செய்தவன் அவன். தன் சொந்த மகனைத் தீயில் கடக்கச் செய்தவன், குற்றமில்லாதவர்களின் இரத்தத்தால் எருசலேமை நிரப்பியவன் என்று ராஜாக்களின் புத்தகம் எழுதி வைத்திருக்கிறது. விட வேண்டிய பெயர் ஒன்று உண்டென்றால் அது இந்தப் பெயர்தான். மத்தேயு அதை விடவில்லை.

பெண்களைப் பாருங்கள். சாராள் இல்லை, ரெபெக்காள் இல்லை, லேயாளும் ராகேலும் இல்லை. குலத்தின் பெருமைக்குரிய தாய்மார்கள் எவரும் இல்லை. தாமார் இருக்கிறாள், ராகாப் இருக்கிறாள், ரூத் இருக்கிறாள், உரியாவின் மனைவியாய் இருந்தவள் இருக்கிறாள். இந்த நால்வரையும் பாவிகளான பெண்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். அது நியாயமில்லை என்பது என் எண்ணம். ரூத் என்ன பாவம் செய்தாள்? அவள் மோவாபியப் பெண், அவ்வளவுதான்; பத்தாம் தலைமுறைவரை மோவாபியர் சபைக்குள் வரலாகாது என்று உபாகமத்தில் எழுதியிருந்தது. தாமாருக்கு அநீதி செய்தது அவளுடைய மாமனார் யூதா. தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று அவனே ஒப்புக்கொண்டான். உரியாவின் மனைவி பத்சேபாளை அரண்மனைக்கு அழைத்துவர ஆள் அனுப்பியவன் ராஜா தாவீது. இந்தப் பட்டியலில் பெரும்பாவம் செய்தவர்களைத் தேடினால் கையில் அகப்படுவது ஆண்களின் பெயர்கள்: யூதா, தாவீது, மனாசே. பெண்கள் சுமந்தது பெரும்பாலும் பிறர் வாய் சூட்டிய பெயர். தகுதியில்லை என்ற உணர்வு மனிதனுக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, தான் செய்தது. மற்றொன்று, தன்மேல் பிறர் ஒட்டியது. முதலாவதற்கு மன்னிப்பு வேண்டும். இரண்டாவதற்கு நியாயம் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, அநீதிக்கு ஆளானவரிடம் போய் மனந்திரும்பு என்று சொல்லும் கொடுமையை நாம் செய்யக்கூடாது. மத்தேயுவின் முதல் பக்கத்தில் இந்த இரு வகையினரும் பெயர் பெயராக நிற்கிறார்கள். கிறிஸ்து பிறந்தது அந்தக் கோத்திரத்தில்.

இங்கே ஒரு கேள்வி எழும். எழத்தான் வேண்டும். குற்றவாளிகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறீர்களே, அவர்களால் அழிந்தவர்களுக்கு என்ன இடம்? தாவீதுக்கு மன்னிப்பு, சரி. உரியாவுக்கு? உரியாவின் கதையை நினைத்துப் பாருங்கள். போர்க்களத்திலிருந்து ராஜா அழைத்ததும் வருகிறான். படைவீரர்கள் வெளியிலே கூடாரத்தில் கிடக்கும்போது நான் வீட்டுக்குப் போய்ச் சுகமாக இருப்பதா என்று அரண்மனை வாசலில் ராஜாவின் சேவகரோடு படுத்துக்கொள்கிறான். பிறகு, தளபதி யோவாபுக்கு ராஜா எழுதிய கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு புறப்படுகிறான். அவனைச் சண்டை மும்முரமான இடத்தில் நிறுத்திப் பின்வாங்கு என்று எழுதிய கடிதம் அது. தன் மரண ஓலையைத் தானே சுமந்துபோன நேர்மையான மனிதன். இப்போது மத்தேயு அந்த வரியை எப்படி எழுதுகிறார்? பத்சேபாள் என்று எழுதியிருந்தால் போதும், வாக்கியம் நிறைவாகியிருக்கும். அவர் அப்படி எழுதவில்லை. உரியாவின் மனைவி என்று எழுதுகிறார். கொலையுண்டவனின் பெயர், கிறிஸ்துவின் வம்ச வரலாற்றில், கொன்றவனின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தப் பெயர் அழிக்கப்படவில்லை. தாவீது மன்னிக்கப்பட்டான், உரியா மறக்கப்படவில்லை. செய்த தவறின் பாரத்தோடு இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நான் சொல்வது இது: நீங்கள் யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவரை மறந்தால்தான் மன்னிப்பு வரும் என்று நினைக்காதீர்கள். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

இன்னொரு மறுப்பும் உண்டு, பக்தியுள்ள உள்ளங்களிலிருந்து வருவது. தேவன் பாத்திரம் பார்க்கவில்லை என்கிறீர்களே, அன்னை மரியாள் எவ்வளவு பரிசுத்தமான பாத்திரம்! அவரைத் தேடித்தானே தூதன் வந்தார்? இதற்கு மரியாளே விடை சொல்லிவிட்டார். தூதன் அவரிடம் பேசியது கிருபையைப் பற்றி. அவர் பாடிய பாட்டில் தன் தாழ்மையைத் தேவன் கண்ணோக்கிப் பார்த்ததைத்தான் சொல்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையில் 1854-ல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அமலோற்பவக் கோட்பாட்டை அறிவித்தபோதும், அந்தத் தூய்மை கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டு அவருக்குக் கொடுக்கப்பட்ட அருள் என்றுதான் அறிவித்தார். அந்தக் கோட்பாட்டை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். ஆனால் மரியாளிடம் இருந்தது கொடையாக வந்தது என்பதில் இரு சாராருக்கும் வேற்றுமை இல்லை.

கோத்திரம் பார்த்தோம். இனிப் பாத்திரத்தையே பார்ப்போம். பிள்ளையைக் கிடத்திய இடத்தைப் பழைய மொழிபெயர்ப்பு முன்னணை என்கிறது. திருவிவிலியம் தீவனத் தொட்டி என்கிறது. குடிலில் நாம் வைக்கும் தொட்டி அழகானது. வைக்கோல் மஞ்சளாக, புதிதாக இருக்கும். சுற்றிலும் சின்ன விளக்குகள் மின்னும். உண்மையான தீவனத் தொட்டியை மாடு வளர்க்கிற வீட்டார் அறிவார்கள். மாட்டின் நாக்கு உரசி உரசி விளிம்பு வழுவழுத்திருக்கும். அடியில் முந்தின நாளைய தவிடு புளித்துப்போய் ஒட்டியிருக்கும். எச்சில் காய்ந்த வாடையும் ஈயும் எப்போதும் இருக்கும். ஒரு தாய் பிள்ளைக்கு இடம் தேடும்போது கடைசியாகக் கண்ணில் படுகிற பாத்திரம் அது. லூக்கா அதை ஒருமுறை சொல்லிவிட்டு நகரவில்லை; ஒரே அதிகாரத்தில் மூன்று முறை சொல்கிறார். பிறந்தபோது சொல்கிறார், தூதன் மேய்ப்பருக்கு அடையாளம் கொடுக்கும்போது சொல்கிறார், மேய்ப்பர் போய்க் காணும்போது சொல்கிறார். ஏன் அது அடையாளம்? மேய்ப்பர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் தகுதியற்றவர்கள் என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்தச் செய்தி பிற்கால ரபீக்களின் எழுத்துகளிலிருந்து வருவது. லூக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை, நாமும் அதன்மேல் பெரிதாகக் கட்ட வேண்டாம். லூக்கா சொல்வதே போதும். அவர்கள் இராத்திரியில் வயல்வெளியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தவர்கள். ஆட்டு வாடையோடு, அழுக்குக் கம்பளியோடு அரண்மனை வாசலுக்குப் போயிருந்தால் காவலாளி விட்டிருப்பானா? தீவனத் தொட்டி என்றதும் அவர்களுக்குத் தயக்கம் போயிருக்கும். அது அவர்கள் புழங்குகிற இடம். குளித்து வா, உடுத்து வா, தகுதியோடு வா என்று சொல்லாத ஒரு வாசல் அது.

நாலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ், தேவன் மனிதனானதைப் பற்றி எழுதிய நூலில் ஒரு உவமை சொல்கிறார். ஒரு பேரரசர் ஒரு நகரத்துக்கு வந்து அங்குள்ள ஏதோ ஒரு வீட்டில் தங்கிவிட்டால், அந்த நகரம் முழுவதுமே மதிப்புப் பெறுகிறது. அதன்பின் கொள்ளைக்காரர் அங்கே கை வைக்கத் துணிவதில்லை என்கிறார். வீட்டின் தகுதி பார்த்து ராஜா வந்தார் என்று அவர் சொல்லவில்லை. ராஜா வந்ததால் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும் மதிப்பு வந்தது என்கிறார். தொட்டியில் கிடத்தப்பட்டதால் பிள்ளை தாழ்ந்து போகவில்லை. அந்தத் தொட்டியைத்தான் இன்று உலகமெங்கும் செய்து வைத்து விளக்கேற்றுகிறார்கள். அப்படியானால் தகுதி எப்போது வருகிறது? கொடைக்கு முன்னாலா, பின்னாலா?

பின்னால்தான் என்று நான் சொன்னதும், இன்றைக்கு எழக்கூடிய மிகப் பெரிய மறுப்பு எழும். தகுதி வேண்டாம் என்றால் ஒழுக்கம் எதற்கு? குடிக்கிறவன் குடித்துக்கொண்டே இருக்கட்டும், ஏமாற்றுகிறவன் ஏமாற்றிக்கொண்டே இருக்கட்டும், டிசம்பர் 25 அன்று வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளட்டும் என்றாகாதா? இந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டவர் பவுல். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் தாமே எழுப்பித் தாமே மறுக்கிறார். ஆனால் வாதத்தைவிடச் சகேயு நல்ல விடை. எரிகோவின் ஆயக்காரர் தலைவன், காட்டத்தி மரத்தில் ஏறியிருந்த குள்ள மனிதன். அவன் வாயைத் திறப்பதற்கு முன், இன்று உன் வீட்டில் தங்குவேன் என்று இயேசு சொல்லிவிட்டார். நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. ஊர் முறுமுறுத்தது. அதற்குப் பின்தான் சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்கிறான். நாலத்தனை என்பது ஆட்டைத் திருடியவன் கொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் வைத்த கணக்கு. திருடன் கணக்கைத் தன்மேல் தானே எழுதிக்கொள்கிறான். முன்னதாக அவனிடம் போய், நாலத்தனை திருப்பிக் கொடு, பிறகு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் அவன் மரத்தைவிட்டு இறங்கியிருப்பானா?

இந்த மறுப்புக்கான விடையை ஒருவர் தம் உயிரால் எழுதிக் காட்டியிருக்கிறார். ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். மனந்திரும்புதலைக் கேட்காத மன்னிப்பை மலிவான கிருபை என்று பெயரிட்டு, அதுவே திருச்சபையின் எதிரி என்று 1937-ல் எழுதியவர் அவர். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததால் 1943 ஏப்ரலில் கைதாகிப் பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், துன்பமும் குற்றமும் கைவிடப்பட்ட நிலையும் தேவனின் பார்வையில் மனிதரின் பார்வையில் இருப்பதுபோல் இல்லை என்றும், சத்திரத்தில் இடமில்லாமல் கிறிஸ்து தொழுவத்தில் பிறந்ததைச் சிறைக்கைதி மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறான் என்றும் எழுதினார். அந்தக் கிறிஸ்மஸுக்கு உடன்கைதிகளுக்காக ஜெபங்களை எழுதிக் கொடுத்தார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்புர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். மலிவான கிருபையை இவ்வளவு கடுமையாகக் கண்டித்த மனிதர், தகுதியைக் கேட்காத தொழுவத்தை இவ்வளவு உறுதியாகப் பற்றிக்கொண்டார். இரண்டும் அவருக்கு முரண்படவில்லை. கொடை இலவசம், வாங்கியவன் பழைய ஆளாகவே இருக்க முடியாது.

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். நம் சபைகளில் எத்தனையோ பேரைத் திருவிருந்து மேசைக்கு வரவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிற சொல் அது: அபாத்திரமாய். அபாத்திரமாய்ப் புசிக்கிறவன் குற்றவாளியாகிறான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அதைக் கேட்டு, நான் அபாத்திரன், எனவே வரமாட்டேன் என்று பின்வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் அந்தச் சொல் ஆளைக் குறிக்கவில்லை, புசிக்கிற விதத்தைக் குறிக்கிறது. எந்த விதம்? சில வசனங்கள் பின்னோக்கிப் போய் வாசித்தால் தெரியும். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள். வெறியேறும்வரை குடித்தார்கள். இல்லாதவர்கள் வந்து பசியோடு நின்றார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கொதிக்கிறார். அந்தக் கடிதத்தில் அபாத்திரமாய்ப் புசித்தவர்கள் யார்? தங்களைப் பாத்திரவான்கள் என்று எண்ணி முந்திக்கொண்டவர்கள். கடைசியில் பசியோடு நின்றவனைப் பயமுறுத்த எழுதிய சொல் அன்று அது. அவனுக்காக எழுதிய சொல்லை அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டோமே, இது என்ன அநியாயம்!

நம் தமிழ்நாட்டுத் திருச்சபையும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பியதில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து உள்ளே சுவரே எழுப்பியிருந்தார்கள். 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் வழக்குத் தொடுத்து மதராஸ் உயர் நீதிமன்றம்வரை போனார்கள், அங்கும் தோற்றார்கள். கோத்திரம் பாராமல் பிறந்தவரின் ஆலயத்துக்குள், கோத்திரம் பார்த்து ஒரு சுவர். கல்லால் கட்டிய சுவரைக் கடப்பாரையால் இடித்துவிடலாம். புதுத்துணி இல்லாதவரை ஒரு பார்வையால் கடைசி வாங்குக்குத் தள்ளுகிறோமே, அந்தச் சுவரை எதைக் கொண்டு இடிப்பது? கல்லறைத் தோட்டத்தில் இன்னும் தனித்தனி இடம் கேட்கிற ஊர்கள் இருக்கின்றன என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

கொரிந்தியருக்குப் பவுல் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? அவர் யாரையும் மேசையைவிட்டு எழுந்துபோகச் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார். வருகிற 25-ஆம் தேதி விடியற்காலை ஆராதனையில், திருவிருந்துக்காக வாங்கு வாங்காக எழுந்து போவோம். அப்போது கடைசி வாங்கில் ஒருவர் தலைகுனிந்து உட்கார்ந்தே இருக்கலாம். இவ்வளவு நேரம் நான் பேசியது அவருக்காக. முன்னால் போகிற நாம் கொஞ்சம் நின்று, திரும்பி நடந்து, அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். எதுவும் சொல்ல வேண்டியதில்லை, எதுவும் கேட்க வேண்டியதில்லை. அவர் எழும்வரை உட்கார்ந்திருப்போம். அவர் எழுந்தால், அவரை முன்னால் விட்டுப் பின்னால் போவோம்.